பொதுச் சுவரில் மூன்று அங்குலம்

பெட்டியோடு வருவது மூன்று மீட்டர் செம்புக் குழாய்.
புது வீட்டுக்கு அது போதும்.
குகையில் இந்த வீட்டுக்குக்
கூடத்தைத் தாண்டவே போதாது.

அளந்தேன். சுவர் இருபத்திரண்டு அங்குலம்.
என் டிரில் போகும் ஆழம் பதினாலு.
மாதேஷ் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"அண்ணே, இது சுவரில்லே, சங்ககிரிக் கோட்டை."

பங்கஜவல்லி அக்கா சிரிக்கவில்லை.
வீட்டுக்காரருக்கு இரும்பாலையில் இரவு ஷிஃப்ட்.
காலை ஏழரைக்கு வந்து படுப்பவர்
மதியத்துக்குள் மூன்று தரம் குளிக்கிறார்,
ஈரத் துண்டோடு தரையில் புரள்கிறார்.
போன வாரம் கிரேன் மேலேயே கண் அசந்துவிட்டாராம்.
"ஒரு ரூம் போதுங்க. ஒரே ஒரு ரூம்."

பதின்மூன்று அடி உயரம். தேக்கு விட்டம்.
கதவுக்கு மேலே யாரோ யோசித்து விட்ட அரைவட்டத் திறப்பு.
காற்று வர வேண்டும் என்று கட்டிய வீட்டில்
காற்று போகக் கூடாது என்று
தெர்மாகோல் வெட்டி அடைக்கிறேன்.
இதற்குக் கூலி தனி.

ஃபியூஸ் கட்டையைத் தொட்டால் சுடுகிறது.
மீட்டரிலிருந்து தனி வயர் இழுக்கணும் என்றேன்.
அக்கா விரல் மடக்கிக் கணக்குப் போட்டு,
"அதுக்கு அப்புறம் மிக்சி ஓடுமுங்களா?" என்றார்.

ஓடும். எல்லாம் ஓடும்.
வெளிப்பெட்டியை எங்கே மாட்டுவது?
தெருப்பக்கம் டிரான்ஸ்பார்மர்.
மாடியில் சுண்ணாம்புத் தளம், இப்போதே ஒழுகுகிறது.
மிச்சம் வடக்குச் சுவர்.
அதற்கு அந்தப் பக்கம் கொழுந்தனார் வீடு.
பத்திரத்தில் பாகம் பிரிந்து ஒன்பது வருஷம்.
பேச்சு அதற்கு ஒரு மாதம் முன்பே பிரிந்ததாம்.
பத்திரம் இந்தச் சுவரைப் 'பொது' என்கிறது.

நான் வாடிக்கையாளரிடம் எதையும் மறைப்பதில்லை.
குளிர் என்று ஒன்றை இந்த மிஷின் உண்டாக்காது.
உங்கள் அறைச் சூட்டை மொண்டு
வெளியே கொட்டும், அவ்வளவுதான்.
கொட்டுகிற இடம் அவர்கள் சமையற்கட்டு ஜன்னல்.

அக்கா மாடியில் நெடுநேரம் நின்றார்.
அங்கிருந்து சேர்வராயன் மலை
ரப்பர் வைத்துப் பாதி அழித்த மாதிரி தெரியும்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கு அப்பால்
இந்நேரம் யாரோ ஸ்வெட்டர் பேரம் பேசுவார்கள்.
இறங்கி வந்து, செருப்பை மாட்டி,
தெருவைச் சுற்றிப் போய்
அந்த வாசலில் மணி அடித்தார்.

சுவரில் காது வைத்த மாதேஷ் உதட்டைப் பிதுக்கினான்:
"ஒண்ணுமே கேட்கலைண்ணே."
இருபத்திரண்டு அங்குலம் என்றால் சும்மாவா.

அரைமணி கழித்துத் திரும்பினார்.
"ஜன்னலுக்கு ரெண்டடி மேலே வைக்கணுமாம்.
தகடு வளைச்சு, அனலை மாடிக்குத் திருப்பணுமாம்.
சொட்டுற தண்ணி அவங்களுக்காம்."
அவ்வளவுதானா என்றேன்.
அவ்வளவுதான் என்றவர்
வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:
"அவளுக்கும் முடி நரைச்சுப் போச்சு."

இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் பதினொன்று.
இரண்டு துளையும் நடுவில் சந்திக்கவில்லை,
அரை அங்குலம் விலகல்.
உளி வைத்துக் கொத்தினோம்.
சுண்ணாம்புப் புழுதி அடங்கியதும்
ஓட்டை வழியே முதலில் வந்தது
அங்கே தாளித்த கடுகின் நெடி.
அக்கா தும்மினார்.
அந்தப் பக்கமும் யாரோ தும்மினார்கள்.

குழாயை விட்டு, வயரை விட்டு,
சுற்றிலும் ஃபோம் அடித்து அடைத்தேன்.
எலி வரக் கூடாது, பல்லி வரக் கூடாது.
அதுதான் முறை.

இருபத்தாறில் வைத்தேன்.
பதின்மூன்று அடிக்குக் குளிர் மெதுவாகத்தான் இறங்கும்.
அவர் குறட்டை அதற்கு முன்பே ஏறிவிட்டது.

ஏணியை எடுக்க அந்தப் பக்கம் போனேன்.
நீலப் பிளாஸ்டிக் வாளி தயாராக இருந்தது.
முதல் சொட்டு விழக் கால் மணி நேரம்.
அந்த அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்து,
வாளியைப் பார்க்காமல்,
மெதுவாக என்னைக் கேட்டார்:

"தூங்கிட்டாருங்களா?"